அப்பா வெட்டிய கொரியன் கட்

பிப்ரவரி 3
பிஎச்.டி. கைடு என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். படித்தாரா என்று கேட்கக் கூடாது. அவருடைய டீக்கறை முதல் பக்கத்தோடு நின்றுவிட்டது.

"கொரிய நாடகம், கொரியப் பாட்டுன்னு வீட்ல உக்காந்து பார்த்தா அது ஆராய்ச்சி இல்லம்மா. களத்துக்குப் போ."

"சியோலுக்கு அனுப்புவீங்களா சார்?"

எனக்கு நல்ல நகைச்சுவை உணர்வு என்று பாராட்டி அனுப்பினார்.

பிப்ரவரி 6
களம் கிடைத்துவிட்டது. எங்கள் தெருமுனையிலேயே! புதிதாகத் திறந்த சலூன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கக் கொரியப் பாடகர்கள். கல்லூரிப் பையன்கள் போனை நீட்டி "இதே மாதிரி வேணும்" என்கிறார்கள். நெற்றியை மூடிக்கொண்டு வெளியே வருகிறார்கள். உலகமயமாக்கல் எனக்காகவே பஸ் பிடித்து வந்து இறங்கியிருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல். எதிரே இருப்பது அப்பாவின் முடிதிருத்தும் கடை. அந்தப் பையன்கள் எல்லாம் போன மாதம்வரை அப்பாவின் வாடிக்கையாளர்கள்.

பிப்ரவரி 11
புதுக்கடையில் உட்கார்ந்து பேட்டி எடுத்தேன். அப்பா தன் கடைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையசைத்தேன். அவர் அசைக்கவில்லை.

சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"அங்க என்ன வேலை உனக்கு?"

"ஆராய்ச்சிப்பா."

"ஏன், நம்ம கடையில பண்ணக் கூடாதா?"

"நம்ம கடையில ஆளே இல்லையேப்பா."

இந்த வாய் இருக்கே! அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டார்.

"முதல்ல உன் வாய்க்கு ஒரு டாக்டர் பட்டம் குடுக்கச் சொல்லு," என்றாள் அம்மா.

பிப்ரவரி 13
அப்பா பேசுவதில்லை. "அவகிட்ட சொல்லிடு" என்று எல்லாம் அம்மா வழியாகவே வருகிறது. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறேன்.

பிப்ரவரி 19
அப்பா திருட்டுத்தனமாகக் கொரிய நாடகம் பார்க்கிறார்! கடையில், போனில், சத்தத்தைக் குறைத்து. என்னைக் கண்டதும் போனைத் துண்டுக்கடியில் தள்ளினார். பிறகு, போகட்டும் என்று எடுத்தார். கதாநாயகி ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறாள். அப்பாவின் கவலையெல்லாம் டாக்டரின் தலை.

"காதுப் பக்கம் எப்படி விட்டிருக்கான் பாரு."

சமாதானம் ஆகிவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

"யார் தலையிலயாவது பழகிப் பாக்கணும்," என்றார். கடையில் இருந்த இன்னொரு தலை என்னுடையது.

பிப்ரவரி 20
ஏன் போய் உட்கார்ந்தேன்? தியாகிப் பட்டம் வேறு வேண்டியிருக்கிறதா எனக்கு? நெற்றி முடி ஒரு பக்கம் புருவத்தைத் தொடுகிறது. மறுபக்கம் அந்தரத்தில் நிற்கிறது. சரிசெய்யச் சரிசெய்ய இரண்டும் மேலே ஏறின.

"சிரிக்காத, கத்தரி ஆடுது."

சிரிப்பா? அழுதுகொண்டிருந்தேன். நாளைக்கு ஆய்வுக்குழு முன்னால் பேச வேண்டும்—இந்தத் தலையோடு.

பிப்ரவரி 21
"இதுதான் கொரியன் ஸ்டைலா?" குழுவில் ஒருவர் கேட்டதும் அறையே சிரித்தது.

"இல்ல சார், எங்கப்பா ஸ்டைல்."

அதோடு விட்டேனா? எதிர்க்கடைக்குப் போன வாடிக்கை, துண்டுக்கடியில் ஒளிந்த போன், தடுமாறிய கத்தரி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குரல் வேறு நடுங்கித் தொலைத்தது. சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"இதை எழுதும்மா," என்றார் கைடு. மகாராஜா கண் திறந்துவிட்டார்.

பிப்ரவரி 27
அப்பாவின் அடுத்த தலை: தாய்மாமா. மாமா தொப்பி வாங்கிக்கொண்டார்.

மார்ச் 9
மெடிக்கல் கடைக்காரரின் மகனுக்குச் சுருட்டை முடி. எதிர்க்கடையில் மருந்து போட்டு நேராக்கப் பார்த்து, வைக்கோல் போர் மாதிரி ஆக்கி அனுப்பியிருக்கிறார்கள். அப்பா கருகியதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சச் சுருளை அப்படியே நெற்றியில் விழ விட்டார். பையன் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"நல்லா இருக்கா?" அப்பா என்னைத்தான் கேட்டார்.

நன்றாகத்தான் இருந்தது. கிண்டல் செய்ய ஒன்றும் அகப்படவில்லை.

மார்ச் 30
ஒரு பையன் வந்து அப்பாவிடம் போனை நீட்டினான். "இதே மாதிரி வேணும் அங்கிள்."

அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். "இது எந்த நடிகர்?"

"நடிகர் இல்ல அங்கிள். மெடிக்கல் கடைப் பையன்."

அப்பா துண்டை ஓங்கி ஒரு உதறு உதறி அவன் கழுத்தில் கட்டினார்.

நின்றுகொண்டேதான் இதை எழுதுகிறேன். கடை பெஞ்சில் இடமில்லை.