இரண்டு ஊரிலும் அழுத பெண்

பேத்திக்கு,

உன் பெரிய மாமா மகன் விமானம் ஓட்டுகிறான். அவன் தங்கை கண் டாக்டர். உன் தம்பி பாலம் கட்டுகிறான். நீயோ, தேர்தல் செய்திகளை ஜனங்கள் எப்படி நம்புகிறார்கள் என்று ஆராய்ந்து பட்டம் வாங்கப் போகிறாய். மாடிவீட்டுக்காரிக்குக் காது புளித்துப்போகும் அளவுக்குப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

நேற்று உன் ஆய்வு வந்தது. எழுத்து பொடியாக இருந்ததால் உன் தம்பி படித்துக் காட்டினான். "பதினான்காம் நபர். வயது எழுபத்தாறு. ஐந்தாம் வகுப்பு. தொலைக்காட்சியில் காட்டும் எதையும் சந்தேகிக்கத் தெரியாதவர்." நிறுத்திவிட்டு, "பாட்டி, இது நீங்கதானே?" என்று சிரித்தான்.

எனக்கா சந்தேகிக்கத் தெரியாது? அன்று நீ கேள்வித்தாளோடு வந்து பக்கத்தில் இருக்கும்போதே, தலைவர் பேசிய கூட்டங்களைத் தொலைக்காட்சியில் இரண்டு ஊரிலிருந்து காட்டினார்கள். "ரெண்டு ஊர்லயும் ஒரே பொம்பளதான்டி அழுறா, கூலிக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க" என்றேன். நீ தலையைக்கூடத் தூக்கவில்லை. "கதையெல்லாம் வேணாம் பாட்டி, எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க, ரயிலுக்கு நேரமாச்சு" என்றாய். நீ ரயிலைத் தவறவிடக் கூடாதே என்று நாற்பது கேள்விக்கும் ஆமாம் போட்டேன். அதற்கு நீ கொடுத்த மரியாதை இதுதான்.

புத்தகமாக அச்சாகும் முன் அந்த வரியை அடித்துவிட்டு, நான் சொன்னதை எழுது. இல்லாவிட்டால் உன் பேராசிரியருக்கு நானே கடிதம் போடுவேன். ஐந்தாம் வகுப்பு அதற்குப் போதும்.

சுவரில் இருந்த உன் படத்தைக் கழற்றிவிட்டேன். ஆணியைப் பிடுங்கவில்லை. திருத்தி முடித்ததும் புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு.

உன் அம்மாவைப் பெற்றவள்