பெயர் வெட்டிய செம்பு

சிவமயம்

ராங்கியம்,
சித்திரபானு வருஷம் கார்த்திகை 12

அன்புள்ள உங்களுக்குச் சீதை எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் சுகம். பசு கன்று போட்டிருக்கிறது. அன்னவாசலில் டாக்டர் ரெங்கசாமி வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? பட்டாளத்து டாக்டர் தேயிலைத் தண்ணீரைக் கொடுத்தே ஆளை வளர்த்துவிடுவார் என்று உங்கள் தம்பி கேலி செய்கிறார். லீவு முடிந்து தை பிறந்ததும் டாக்டர் பட்டாளத்துக்குப் போய்விடுவாராமே. அதற்குள் அவர் சொல்வதைக் கேளுங்கள். வீட்டில் பிடித்த அடத்தை அங்கே பிடிக்காதீர்கள்.

எனக்கு ஒரு மனக்குறை. ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ரெங்கூனிலிருந்து நடந்த வழியில் நீங்கள் இறந்துவிட்டதாக நானாக நினைத்துக்கொள்ளவில்லை. உங்களுக்குப் பின்னால் அதே வழியில் நடந்துவந்த சமையல்கார நல்லதம்பி உங்கள் பெயர் வெட்டிய செம்பைக் கொண்டுவந்து கொடுத்தான். மலைப் பாதையில் பிணங்களுக்கு நடுவே காலியாகக் கவிழ்ந்து கிடந்ததாம். வாந்திபேதிக்குப் பயந்து எந்த முகத்தையும் பார்க்காமல் செம்பை மட்டும் எடுத்துவந்தான். பெயர் வெட்டிய செம்பு கிடந்தால் அந்தப் பெயருக்கு உரியவரும் அங்கேதான் கிடப்பார் என்று ஊரே நம்பியது. வைகாசியில் கருமாதி முடித்து என் தாலியை வாங்கினார்கள். ஆடியில் நீங்கள் கொல்லைப்பக்கம் வந்து நின்றீர்கள்.

கருமாதி ஆனவர் முகப்பு வழியாக வரக்கூடாது, பிறந்த பிள்ளைக்குப் போல மறுபடி பெயர் சூட்டி, எனக்குத் தாலி கட்டிய பிறகுதான் வரலாம் என்றார் ஐயர். நீங்கள் மாட்டேன் என்று மாட்டுக்கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டீர்கள். அந்தச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அது காலியாகக் கிடந்த கதையைச் சொன்னேன். பிடுங்கி எறிந்தீர்கள். அன்று முதல் ஊருணியில் இறங்கிக் கையால் அள்ளித்தான் குடித்தீர்கள். உயிரோடு இருக்கிற புருஷனுக்கு நான் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன சொல்ல?

உங்களோடு நடந்த குமரப்ப அண்ணனைப் பற்றித் தகவலே இல்லை. அவர் மனைவி அழகம்மை தினமும் வந்து, உங்களைக் குறித்து, “அண்ணன் ஏதாச்சும் சொன்னாகளா ஆச்சி?” என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

இப்படிக்கு,
சீதை


அன்னவாசல்,
கார்த்திகை 20

அன்புள்ள சீதைக்கு,

என்ன கன்று என்று எழுதவில்லையே.

டாக்டர் மருந்து அதிகம் கொடுப்பதில்லை. காலையும் மாலையும் ஜன்னலைச் சாத்தி, கண்ணை மூடச் சொல்லி, நடந்த வழியை என்னைச் சொல்ல வைக்கிறார். பழங்கதையாகச் சொல்லக் கூடாது. இப்போதுதான் நடப்பதுபோல, காலில் என்ன குத்துகிறது, என்ன நாற்றம் வருகிறது, பக்கத்தில் யார் என்று சொல்ல வேண்டும். முடித்தால் மறுபடி முதலிலிருந்து. அசாம் ஆஸ்பத்திரியில் பேச்சு நின்றுபோன சிப்பாய்களுக்கு இப்படித்தான் பார்த்தாராம். கட்டியை ஒரே கீறாகக் கீற வேண்டும், தடவிக்கொண்டிருந்தால் ஆறாது என்கிறார். கீறுகிறவருக்கு என்ன.

மலையில் ஓர் இறக்கம் வருகிறது. அங்கே குமரப்பன் ஒரு கல்லில் சாய்ந்து உட்காருகிறார். அதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து, எழுந்து ஓடிவிடுகிறேன். டாக்டர் பின்னாலேயே வந்து, என்னோடு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி உட்கார வைக்கிறார்.

உன்னை வெள்ளைச் சேலையில் பார்க்க முடியாமல்தான் கொட்டகைக்குப் போனேன். அங்கே நான் தனியாக இருக்கவில்லை. விடியும் நேரத்தில் குமரப்பன் வைக்கோலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். இங்கேயும் வருகிறார். டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, வந்து என்ன கேட்கிறார் என்றார். தண்ணீர் கேட்கிறார் என்றேன்.

அழகம்மைக்கு ஒன்றும் சொல்லாதே.

அடைக்கப்பன்


ராங்கியம்,
மார்கழி 2

அன்புள்ள உங்களுக்கு,

கிடாரிக் கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி.

ஒன்றும் சொல்லாதே என்று எழுதியதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அழுதேன். அழகம்மை மகள் சேதுலட்சுமிக்குத் தையில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். அதற்குள் அப்பா வந்துவிடுவார் என்று அந்தப் பெண் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. வெள்ளைச் சேலைக்காரியைக் கல்யாண வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? அழகம்மை கூப்பிட்டாள். அவள் குங்குமத்தோடு, நான் திருநீற்றோடு, எதிரெதிரே உட்கார்ந்து உளுந்து புடைத்தோம். அவள் நெற்றியைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

நீங்கள் குணமாக வேண்டும் என்று கோயிலில் விளக்குப் போடுகிறேன். குணமாகி வந்து என்ன சொல்லப்போகிறீர்களோ என்று இப்போது பயமாகவும் இருக்கிறது.

சீதை


அன்னவாசல்,
மார்கழி 14

அன்புள்ள சீதைக்கு,

நேற்று அந்தக் கல்லைத் தாண்டிவிட்டேன். உனக்கும் சொல்ல வேண்டும்.

குமரப்பனுக்கு வாந்திபேதி. தண்ணீர் கேட்டார். ஓடை வெகு கீழே இருந்தது. பயணத்துக்கு என்று பெயர் வெட்டி நீ கொடுத்த செம்போடு இறங்கினேன். ஏறி வந்தபோது அவர் உடம்பு சில்லிட்டிருந்தது. மூக்கில் கை வைத்தேன், நெஞ்சில் காது வைத்தேன். ஒன்றும் இல்லை. நிறைந்த செம்பை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கூட்டத்தோடு நடந்துவிட்டேன். அப்போது எனக்குத் துக்கம்தான் இருந்தது, பயம் இல்லை.

செம்பு காலியாகக் கிடந்தது என்று நீ சொன்னாய். யார் குடித்தது? நாய் தட்டியிருக்கும் என்கிறார் டாக்டர். குமரப்பனே குடித்திருந்தால்? என் காதுக்கு எட்டாத மூச்சு அவரிடம் மிச்சம் இருந்திருந்தால்?

என் பெயரில் செய்த கருமாதி அவருக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு நான் முகப்பு வழியாக வருவதா? அதனால்தான் மாட்டேன் என்றேன்.

இதைச் சொன்ன பிறகு நேற்று அசந்து தூங்கினேன். ஊர் திரும்பிய பிறகு இதுதான் முதல் தூக்கம். ஆனால் டாக்டர் விடவில்லை. கேட்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடமும் சொன்னால்தான் இந்த வைத்தியம் முடியும் என்கிறார். அடுத்த வாரம் அழகம்மை ஆச்சியைப் பார்க்க வருகிறேன்.

அடைக்கப்பன்


ராங்கியம்,
மார்கழி 17

அன்புள்ள உங்களுக்கு,

வராதீர்கள். இப்படி எழுதக் கை கூசுகிறது.

நான் வாயைத் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அழகம்மையே கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“ஆடியில அண்ணன் என்னைப் பாக்காமத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனாக. அன்னைக்கே எனக்குத் தெரியும் ஆச்சி. யாரும் வாய் தெறந்து சொல்லாத வரைக்கும் நான் சுமங்கலி. எம் மகளுக்குத் தாலி பூட்டுறப்ப நான் பக்கத்துல நிக்கணும். அதுவரைக்கும் அண்ணனை அங்கிட்டே இருக்கச் சொல்லுங்க.”

இத்தனை நாள் கழித்துக் கிடைத்த உங்கள் தூக்கம் போய்விடுமோ என்று பதறுகிறது. ஆனாலும் அவளுக்காகக் கேட்கிறேன். என் கழுத்து இன்னும் கொஞ்ச நாள் வெறுமையாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

சீதை


அன்னவாசல்,
தை 3

அன்புள்ள சீதைக்கு,

இருக்கிறேன். டாக்டர் நேற்றுப் புதுக்கோட்டையில் ரயிலேறிவிட்டார். சொல்ல வாய் வந்த பிறகு பொறுத்திருக்கலாம், கெடுதல் இல்லை என்றார். அவர் வீட்டிலேயே தங்கச் சொல்லியிருக்கிறார்.

குமரப்பன் இன்னும் வருகிறார். இப்போது தண்ணீர் கேட்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறார். கூறைப்புடவை என்ன நிறம் என்று எழுது. அவரிடம் சொல்ல வேண்டும்.

அடைக்கப்பன்


ராங்கியம்,
தை 21

அன்புள்ள உங்களுக்கு,

கூறைப்புடவை அரக்கு நிறம், பச்சைக் கரை. பெண்ணுக்கு எடுப்பாக இருந்தது. அழகம்மை மணவறைப் பக்கத்திலேயே கடைசிவரை நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

பெண்ணை அனுப்பிவைத்த மறுநாள், நெற்றியைக் கழுவிக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அண்ணன் எழுதியதைப் படிங்க என்றாள். ஓடை, செம்பு, கேட்காத மூச்சு, எதையும் விடாமல் படித்தேன். படித்துவிட்டு, நாய் தட்டியிருக்கும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

“நாய் இல்லை ஆச்சி. அவுகதான் குடிச்சிருக்காக. தவிச்ச வாயோட போகலை. அது போதும் எனக்கு. அண்ணன் தண்ணியோட திரும்பி வந்தாக. விட்டுட்டு நடந்தவுக எத்தனையோ பேரு.”

உங்களை ஓட ஓட விரட்டிய அதே நினைப்பு அவளுக்கு ஆறுதலாக இருக்கிறது. எது நிஜம் என்று நமக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. வைகாசியில் நடந்த கருமாதி அவருக்கே இருக்கட்டும், இன்னொன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நீங்கள் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை.

அதனால் புறப்பட்டு வாருங்கள். முதலில் அவள் வீட்டுக்குப் போங்கள். உங்கள் வாயால் கேட்க வேண்டுமாம், வழியில் அவர் எதற்காவது சிரித்தாரா என்பதையும் சேர்த்து. பிறகு இங்கே முகப்பு வழியாக வாருங்கள். அந்தக் கருமாதி உங்களுடையது அல்ல என்று ஐயரிடம் சொல்லியாயிற்று, அவரும் ஒப்புக்கொண்டார். வாசலில் தண்ணீர் வைத்திருப்பேன், அந்தச் செம்பில்தான். நீங்கள் எறிந்ததில் நசுங்கியிருக்கிறது, ஆனால் ஒழுகவில்லை. அதில் குடித்துவிட்டு உள்ளே வாருங்கள்.

குமரப்ப அண்ணன் கூட வந்தால், அவருக்கும் ஒரு மடக்கு மிச்சம் வையுங்கள்.

சீதை