தூங்குமூஞ்சி மரம் வரைக்கும் எத்தனை யார்டு?

எங்கே போனாலும் எனக்கு நாலடி முன்னால் நடந்துகொண்டிருந்த வசுவுக்கு,

நமக்குள் ஒரு சண்டை வந்திருக்கிறது. ஒரே ஆபீஸில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தபோது வராத சண்டை, நீ போன பிறகு வந்திருக்கிறது. யாரிடம் போடுவது? ரவியிடம் போட முடியாது. உன் கணவர் பாவம், சாதுவான மனிதர். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. செம்பூரில் வெயில் ஏறிவிட்டது. கோல்ஃப் மைதானத்தில் புல் பழுப்படித்துக் கிடக்கிறது. மோனோரயில் வழக்கம்போலக் காலியாக ஓடுகிறது. உன் நாற்காலியில் ஏரோலியிலிருந்து வரும் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நல்லவள்தான். நாள் முழுக்கக் காதில் எதையோ மாட்டிக்கொண்டிருக்கிறாள். நான் பேச வாயெடுத்தால் அதைக் கழற்றிவிட்டு "ஹாங், மேடம்?" என்கிறாள். அப்போது எனக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

போன மழையில் காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவில்லை. சனிக்கிழமைகளை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, வசு. மற்ற நாட்களை ஆபீஸ் பார்த்துக்கொள்கிறது. ஞாயிறு தாராவியில் அண்ணன் வீட்டில் போய்விடும். சனிக்கிழமை மட்டும் உன்னுடையது. கம்பெனி எனக்கு உறுப்பினர் அட்டை கொடுத்திருந்தாலும், ஆட்டத்தில் தேறியதற்கான ஹேண்டிகேப் கார்டு இல்லாதவள் கார்டு உள்ள ஒருவரோடுதான் கோர்ஸில் இறங்கலாம் என்பது விதி. எனக்கு அந்த ஒருவர் நீதான். நீ இல்லையென்றால் ஒன்று டெஸ்டில் தேறி நானே கார்டு வாங்க வேண்டும், இல்லை சனிக்கிழமையும் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ரவி உன் லேசரை என்னிடம் கொடுத்தார். ஒற்றைக் கண்ணில் வைத்துக் குழியில் நட்ட கொடியைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் தூரத்தைச் சிவப்பு எண்ணில் காட்டுமே, அதுதான். உன்னோடு ஆடியபோது ஒருநாள்கூட அதை நான் தொட்டதில்லை. "ஏட்டி, நீ பந்தைப் பாரு, நம்பரை நான் பாத்துக்கறேன்" என்பாய். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், என் திருநெல்வேலிப் பேச்சை எடுத்து என்னையே கூப்பிடுவாய். நம்பரைச் சொல்லி, எந்தக் கிளப், எந்த மட்டை என்பதையும் நீயே சொல்வாய். "நூத்தி இருபது. செவன் எடு." நான் செவன் அயனை எடுத்து அடிப்பேன். பந்தும் போய்ச் சேரும். என் செவன் நூற்றிருபது யார்டு போகும் என்று நான் நம்பியது அப்படித்தான்.

முதல் டெஸ்டுக்கு அந்த நம்பிக்கையோடுதான் போனேன். லேசர் நூற்றிருபது காட்டினால் செவன். பந்து எங்கே பார்த்தாலும் குறைந்து விழுந்தது. குளத்தைத் தாண்டும் குட்டி ஹோலில் போட்ட பந்தெல்லாம் தண்ணீருக்குள் போயிற்று. கூட வந்து கணக்கெடுத்த லேடீஸ் கேப்டன் குல்கர்ணி மேடம், தண்ணீரில் வட்டம் அடங்கும்வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, "கோயி பாத் நஹி, பரவாயில்லை, அடுத்த மாதம் வாங்க" என்றார். என் கையில் பலம் போய்விட்டது என்று நினைத்தேன். துக்கம் தோளில் இறங்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். ராத்திரி தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டேன். உன்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் பார், தோள்கூட விட்டுப்போயிற்று என்று ஒரு அற்பப் பெருமைகூட வந்தது.

சரி, இப்போது எவ்வளவுதான் போகிறது என்று அளந்துவிடலாம் என்று, ஆளில்லாத ஒரு மத்தியானம் பயிற்சித் திடலுக்குப் போனேன். அங்கே தூரப் பலகைகள் கிடையாது. கடைசியில் நம் தூங்குமூஞ்சி மரம் மட்டும் நிற்கிறது. "மரம் நூத்தி இருபது, செவன்ல தொட்டுட்டே" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். முதல் பந்தை அடித்தேன். பழையபடியே மரத்தடியில் போய் விழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பலம் திரும்பிவிட்டதென்று நினைத்து லேசரை எடுத்து மரத்தைப் பார்த்தேன்.

தொண்ணூற்றெட்டு.

மறுபடி அழுத்தினேன். தொண்ணூற்றெட்டு. மீட்டரில் காட்டுகிறதோ என்று பார்த்தேன். யார்டுக்கான எழுத்துதான் மூலையில் எரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். மரமா நகரும்?

அன்று சாயங்காலம் நேராக மாட்டுங்காவுக்குப் போனேன். ரவிதான் கதவைத் திறந்தார்.

"ரவி, இந்த லேசர் சரியாத்தானே வேலை செய்யுது?"

"ஏன், பேட்டரி போயிடுத்தா?"

"கடைசி மரத்துக்குத் தொண்ணூத்தெட்டுன்னு காட்டுது. வசு நூத்தி இருபதுன்னுல்லா சொல்லுவா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"உங்ககிட்ட அவ சொல்லவே இல்லையா? சனிக்கிழமை ஆத்துக்கு வந்து பையை இறக்கறதுக்குள்ளயே ஆரம்பிச்சுடுவா. 'இன்னிக்கும் சுதாவுக்கு இருபது யார்டு கூட்டிக் குடுத்துட்டேன்'னு."

"எதுக்கு?"

"மொத நாள் வாய்தவறிப் பெரிய நம்பராச் சொல்லிட்டாளாம். நீங்க சிரிச்சேளாம். அப்புறம் எப்படிக் குறைக்கறது? 'இனிமே இறக்கினா மார்க்கெட் கிராஷ் ஆயிடும் ரவி'ன்னுவா."

"எப்பவாது சொல்லிருதேன்னு சொன்னாளா?"

"தீபாவளிக்கு அப்புறம் சொல்றேன்னா. எந்தத் தீபாவளின்னு சொல்லலை."

அந்த முதல் நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கல்யாணத்தை முறித்துக்கொண்டு, செம்பூரில் வாடகை அறைக்கு இரண்டு பெட்டியோடு வந்த வாரம். நான் சிரித்தேனா? அது எனக்கு ஞாபகமில்லை. நீ பார்த்திருக்கிறாய்.

ரிக்‌ஷாவில் திரும்பும்போது கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. என் தூரம் உனக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. லேசரில் பார்ப்பாய், மனதுக்குள் கூட்டுவாய், முகத்தில் ஒன்றுமே தெரியாமல் சொல்வாய். என்னைப் பற்றிய உண்மையை நீயும் உன் வீட்டுக்காரரும் வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறீர்கள். என் தோள் போயிற்றென்று நான் ஒரு மாதம் அழுதிருக்கிறேன், தெரியுமா? நீ இருந்திருந்தால் அன்றைக்கே வந்து கதவைத் தட்டியிருப்பேன். நீயும் ஒரு வாய் பேசியிருப்பாய். நானும் பேசி, ரெண்டு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, பிறகு எதற்காவது சிரித்துவிட்டிருப்பேன். இப்போது இது முடியவே முடியாதா, வசு?

ஆனால் டெஸ்ட் இருந்தது. அதற்காக ஒவ்வொரு கிளப்பையும் ஒன்றும் தெரியாதவளைப்போல முதலிலிருந்து அளந்தேன். ஒரு கிளப்பில் பத்துப் பந்து. தரையைக் கொத்தியதையும் ஓரமாய் ஓடியதையும் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்றவை விழுந்த இடத்துக்கு நடந்துபோய், அந்தப் பந்துகளுக்கு நடுவில் நின்று திரும்பி அளக்க வேண்டும். வெறும் புல்லைப் பார்த்து அழுத்தினால் லேசர் எண் காட்டுவதில்லை. மூன்று கோடுதான் வரும். எதிரே ஏதாவது ஒன்று நிற்க வேண்டும். நான் அடித்த இடத்தில் என் பைதான் நின்றது. இத்தனை பெரிய திடலில் அந்தப் பையைப் பார்த்து அழுத்தி அழுத்தி நான் கற்றுக்கொண்டேன். ஒன்பது அயன் எண்பது. செவன் தொண்ணூற்றெட்டு, நன்றாகப் பட்டால் நூறு. ஐந்தாம் நம்பர் ஹைப்ரிட் நூற்றுப்பதினைந்து. எல்லாமே சின்ன எண்கள். ஆனால் மறுநாள் போனாலும் அவை அப்படியே இருந்தன.

போன சனிக்கிழமை இரண்டாம் டெஸ்ட். குளத்து ஹோலில் கொடி நூற்றுப்பன்னிரண்டு காட்டியது. நீண்ட அடிக்கு எடுக்கும் ஹைப்ரிட்டை நான் எடுத்ததும் குல்கர்ணி மேடம் புருவத்தைத் தூக்கினார். "இத்னே ஸே கே லியே? இந்தத் தூரத்துக்கா?"

"மேரா இத்னா ஹி ஜாதா ஹை, மேடம்" என்றேன். எனக்கு இவ்வளவுதான் போகும். சொல்லும்போது காது சுட்டது. சொல்லி முடித்ததும் ஒன்றும் ஆகவில்லை.

பந்து தண்ணீரைத் தாண்டிக் கொடி நிற்கும் பச்சைத் திட்டின் ஓரத்தில் விழுந்து உருண்டது. அழகான அடி இல்லை. நீயாக இருந்தால் அழகு என்று சொல்லியிருப்பாய்.

கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, "அப் அகேலே பீ கேல் சக்தி ஹோ" என்று மேடம் கை குலுக்கினார். இனிமேல் தனியாகவும் ஆடலாம். வாழ்த்தாகத்தான் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு, அந்தச் சொல்லோடு கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். இதற்காகவா இவ்வளவு பாடுபட்டேன்?

பிறகு எழுந்து, அடுத்த சனிக்கிழமைக்குப் பெயர் கொடுக்கப் போனேன். முன்பதிவு மேஜையில் இருந்தவர் "சாத் மே கௌன்?" என்று கேட்டார். கூட யாரும் இல்லை என்றேன். தனியாக வரும் வேறு யாராவது இருந்தால் சேர்த்துப் போடட்டுமா என்றார். வேண்டாம் என்றுதான் நாக்கு எழுந்தது. "டால் தீஜியே", சேர்த்தே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. நீ கேட்பாய் என்பதால் சொல்கிறேன். ஆனால் சனிக்கிழமையை விடமாட்டேன், இது உனக்குச் சத்தியம். யாரோடு சேர்த்துப் போட்டாலும் போவேன். செவன் எவ்வளவு போகும் என்று கூட ஆடுகிறவர் கேட்டால் தொண்ணூற்றெட்டு என்பேன். உன்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன்.

உன்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருந்தும் உனக்குத் தங்கையாகவே இருந்துவிட்ட,
சுதா