பச்சை மூடி, வெள்ளை மூடி

அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அம்மாவின் ரத்த அழுத்தத்தை விசாரிப்பாய். அம்மாவுக்குச் சரியாக இருக்கிறது. எனக்குத்தான் போன வாரம் முழுக்க எகிறிக் கிடந்தது. இப்போது இறங்கிவிட்டது. போனில் சொன்னால் பக்கத்தில் அம்மா இருப்பாள். பார்சலுக்குள் வைத்தால் நீ மட்டும் படிப்பாய் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் முக்கியமான விஷயம். நான் அனுப்பிய அந்தக் கிரீமைத் தடவலாம். பயப்படாமல் தடவு. போன வாரம் உன் வேலை நேரத்தில் கூப்பிட்டு, "அதைத் தொடாதே, ஏன்னு கேக்காதே" என்று கத்தினேனே, அது ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியில் கொய்யா இலைச் சாறு கலந்து கைக்குக் கிரீம் செய்வது உனக்குத் தெரியும். கிருமி வளர்த்த ஜெல்லித் தட்டில் அதை வைத்துப் பார்ப்பது என் வேலை. சாறு இருக்கும் இடத்தைச் சுற்றிக் கிருமி செத்து, தட்டு வட்டமாகத் தெளிந்துவிடும். சாற்றைத் தனியாக வைத்தால் வட்டம் நல்ல அகலம். கிரீமில் கலந்தால் சுருங்கிப்போகும். எண்ணெய்ப் பசை சாற்றை லேசில் வெளியே விடாது. மாதக்கணக்கில் மல்லுக்கட்டி ஒருவழியாக வட்டத்தைக் கொண்டுவந்தோம். முதலாளி அந்தத் தட்டைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினார், பேரன் பிறந்த மாதிரி.

தட்டில் கிருமி செத்தால் போதாது, மனுஷக் கையில் பார்க்க வேண்டும். எதிரே உள்ள ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பெண்களைப் பிடித்தார்கள். கை ரொம்ப வெடித்திருப்பது அவர்களுக்குத்தான். கேட்டால் மாட்டேன் என்று சொல்லாதவர்களும் அவர்கள்தான். முதலாளியின் மனைவிக்கும் இரண்டு கை இருக்கிறது, அவரை யாரும் கேட்கவில்லை.

ஆளுக்கு இரண்டு டப்பா. இடது கைக்குப் பச்சை மூடி, அதில் சாறு உண்டு. வலது கைக்கு வெள்ளை மூடி, அது வெறும் கிரீம். எதில் என்ன என்று அவர்களிடம் சொல்லவில்லை. எந்தக் கை சீக்கிரம் தேறுகிறது என்று பார்த்தால் முடிந்தது. மேசையில் உட்கார்ந்து யோசிக்கும்போது எல்லாமே எவ்வளவு அழகாக இருக்கிறது பார்.

உனக்கு நான் அனுப்பியது பச்சை மூடி. ஆய்வகத்தில் எனக்கு மேலே இருக்கிற மேடத்துக்கு மட்டும் நான் அனுப்பியது தெரியும்.

அப்புறம் ஒரு நாள் அந்தப் பெண்களில் ஒருத்திக்குக் கை கொப்பளித்துவிட்டது. அவளை எல்லோரும் ரேடியோ என்பார்கள், பேச்சு நிற்காது. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டி, "உங்க க்ரீம் நல்லா வேலை செய்யுது பாப்பா, அழுக்கோட சேத்து தோலையும் எடுத்துடுச்சு" என்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. கையில் புண்ணோடு வருகிறவளை நோயாளியைத் தொட விடமாட்டேன் என்று உன் வார்டு சூப்பர்வைசர் மிரட்டியதை நீ சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாய். வெடித்த கைக்கு மருந்து என்று நானே அனுப்பி, நானே உன் வேலைக்கு உலை வைத்துவிட்டேனோ என்று பயந்துதான் உன்னைக் கூப்பிட்டேன்.

நீ, "பாதி காலி பண்ணிட்டேனேடி" என்றாய். வீடியோவில் கையைக் காட்டு என்றேன். டப்பாவைக் காட்டினாய்.

மேடம் ரேடியோவின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இடது கை மட்டும்தானே கெட்டிருக்க வேண்டும், இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் மனசு கேட்காமல், எப்படித் தடவுகிறாய், செய்து காட்டு என்று ரேடியோவிடம் சொன்னேன். பச்சையிலிருந்து எடுத்து இடது கையில் வைத்தாள். வெள்ளையிலிருந்து எடுத்து வலது கையில் வைத்தாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்துப் பரபரவென்று தேய்த்தாள். பச்சையை இடது கையில் மட்டும்தானே தடவச் சொன்னோம் என்று கேட்டால், "அத எத வெச்சுத் தடவுறது, காலாலயா" என்கிறாள். மற்றவர்களும் அப்படியேதான் செய்திருக்கிறார்கள். முதல் நாள் அவர்களுக்குச் செய்து காட்டிய நானும் அப்படித்தான் தேய்த்தேனாம். அத்தனை நாள் சோதனையும் குப்பைக்குப் போனது. வந்த உயிரும் திரும்பிப் போனது.

முதலாளிக்கு அது கவலையில்லை. "அந்தம்மா தோலே அப்படி, ஆள லிஸ்ட்லருந்து தூக்கிடுங்க" என்றார். தோல் அப்படி இருக்கிறதென்றுதானே சார் சேர்த்தோம் என்றேன். "உனக்கு வாய் நீளம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீளம்தான். தரை துடைக்கிறவளின் கை வெந்தால், வேண்டாத வரியைக் கோடு போட்டு அடிக்கிற மாதிரி ஒரு மனுஷியை அடித்துவிட்டுப் போவதா?

மேடம் கத்துகிற ஆள் இல்லை. மூன்று சின்னப் பஞ்சுத் துண்டுகளை எடுத்து, ஒன்றில் பச்சை மூடி, ஒன்றில் வெள்ளை மூடி, ஒன்றில் எதுவும் இல்லாமல், ரேடியோவின் முன்கையில் நல்ல தோலாகப் பார்த்து ஒட்டினார். இரண்டு நாள் அப்படியே இருக்க வேண்டும். "உள்ளங்கைதான் போச்சு, மிச்சத்தையும் நீங்களே எடுத்துக்கங்க" என்று முணுமுணுத்தாலும் ரேடியோ கையை நீட்டினாள். நானும் என் கையில் ஒட்டிக்கொண்டேன். அந்த இரண்டு நாளும் என் கை அரிக்கிற மாதிரியே இருந்தது. ஒவ்வொரு அரிப்புக்கும் உன் முகம் ஞாபகம் வந்தது. அம்மா கேட்டபோது பூச்சி கடித்துவிட்டது என்றேன்.

பிரித்துப் பார்த்தோம். அவள் கையிலும் ஒன்றுமில்லை, என் கையிலும் ஒன்றுமில்லை. பிளாஸ்திரி ஒட்டின தடம் மட்டும். நான் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். வெளியே சொல்லாதே.

அப்படியானால் கொப்பளம் எங்கிருந்து வந்தது? ரேடியோவை மேடம் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். கையைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எதில் கையை விட்டாய் என்பதுதான். துப்புரவுக் கான்ட்ராக்டர் அந்த வாரம்தான் தரை துடைக்க விலை மலிவான புது மருந்து இறக்கியிருக்கிறான். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு ஊற்றுவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இவர்கள் பழையபடியே மக்கால் மொண்டு ஊற்றியிருக்கிறார்கள். கையுறை கிடையாது. பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். நான் அந்த வாளியில் காரம் பார்க்கும் சோதனைத் தாளை முக்கினேன், கருநீலமாகிவிட்டது. சாக்கடை அடைப்பெடுக்கிற காரத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதில்தான் அவள் வெறுங்கையால் துணி பிழிந்திருக்கிறாள்.

இதைக் கேட்டதும் முதலாளி துள்ளி எழுந்தார். ஆஸ்பத்திரி மேனேஜரைப் போனில் பிடித்து, "எங்க க்ரீம் பேரு கெட்டா யார் பொறுப்பு, மொதல்ல அவங்களுக்குக் கையுறை குடுங்க" என்று கத்தினார். மறுநாளே பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. கைக்காகக் கேட்டபோது வராதது கிரீமுக்காகக் கேட்டதும் வந்துவிட்டது. எனக்குக் கொதித்தது. ஆனால் ரேடியோ முழங்கை வரைக்கும் மாட்டிக்கொண்டு வந்து, "இனிமே க்ரீம இதுக்கு மேல தடவணுமா, உள்ள தடவணுமா" என்று கேட்டபோது சிரித்துவிட்டேன். அவள் கை இப்போது காய்ந்து வருகிறது.

சோதனையைப் புதிதாக ஆரம்பிக்கிறோம். இந்த முறை ஆளுக்கு ஒரே டப்பா, பாதிப் பேருக்குப் பச்சை, பாதிப் பேருக்கு வெள்ளை. முடிவு எப்படி வந்தாலும் உனக்கு உண்மையைச் சொல்கிறேன். இது நல்ல கிரீம்தான், ஆனால் அதிசயம் ஒன்றும் இல்லை. நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரில் ஊறுகிற கைக்கு முதலில் கையுறை வேண்டும், அப்புறம்தான் கிரீம். டப்பா மேல் இதை அச்சடிக்க மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

இந்தப் பார்சலில் மூன்று பச்சை மூடியும், ரப்பர் கையுறைக்கு உள்ளே போட்டுக்கொள்ள மெல்லிய பருத்திக் கையுறைகளும் இருக்கின்றன. ரப்பர் கையுறையை உன் சூப்பர்வைசரிடம் கேள். வாயைத் திறந்து கேள், அக்கா. எல்லோருக்கும் எல்லாம் கேட்டு வாங்கிக் கொடுப்பாய், உனக்கென்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்னைப் படிக்க வைக்கிற விஷயத்தில் அப்பாவிடம் எப்படிச் சண்டை போட்டாய், அதில் கால்வாசி போதும்.

இன்னொன்று. உன் கை பற்றி அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நேற்று துணி மடித்துக்கொண்டே தானாகச் சொன்னாள்: "கன்னத்துல கை வைக்காம அவளுக்கு உக்காரவே தெரியாது, எத்தன திட்டு திட்டியிருப்பேன். இப்பல்லாம் போன்ல மொகம் மட்டும் வருது, கையவே காணோம்." சொல்லிவிட்டு மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள்.

நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன் கை தேற வேண்டும். முழுசாகத் தேறட்டும் என்று காத்திருக்காதே. அடுத்த முறை கூப்பிடும்போது கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பேசு. அம்மா திட்டுவாள். திட்டட்டும். அதற்காகத்தான் காத்திருக்கிறாள்.

உன் வாய் நீளத் தங்கை