ராத்தாவின் திரிபோஷா

2024 ஜூன் 3, திங்கள்

இந்தக் கொப்பியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு வெட்கமானதையும்.

என் அக்கா ஸும்ரா ராத்தாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். முதல் பிள்ளை. இன்று இரத்த ரிப்போட் வந்தது. அல்புமின் 21. அது இரத்தத்திலுள்ள ஒரு புரதம். 35க்குக் குறையக் கூடாது என்கிறது என் உயிரியல் புத்தகம்.

ஜூன் 4

மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தார். புத்தகத்தைக் காட்டினேன். சிரித்தார்.

"டொக்டரம்மா, வயித்தில பிள்ளை இருந்தா இரத்தத்தில தண்ணி கூடும். இது தானா இறங்கும். புத்தகத்தில இருக்கிறது மத்த ஆக்களுக்கு."

பிறகு சிரிக்கவில்லை. ராத்தாவின் 21 அப்படி இறங்குவதைவிடவும் குறைவாம். நிறையும் ஒரு மாதமாக ஏறவில்லை.

"நான் தந்த திரிபோஷா எல்லாம் நீதானே சாப்பிடுறாய்?"

"ஓம் மிஸ்" என்றாள் ராத்தா. என்னைப் பார்க்கவில்லை.

நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

ஜூன் 5

நேற்று எழுதாமல் விட்டது: கர்ப்பிணிகளுக்கென்று இலவசமாகக் கொடுக்கும் அந்தத் திரிபோஷாச் சத்துமாவில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடிப்பது ராத்தா. தின்பது நான். காற்றுக் காலம், கடலுக்குப் போக முடியாது; ராத்தாவின் புருஷன், மச்சானின் போட் கரையில். எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டியில் யார் வீட்டிலும் மீன் இல்லை. "எனக்கு மணம் பிடிக்கல்லடி, படிக்கிற பிள்ளை, நீ தின்னு" என்பாள்.

உண்மையாகவே பிடிக்கவில்லையா? நான் ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை?

ஜூன் 9

மிஸ்ஸிடம் சொல்லப்போகிறேன் என்றேன். ராத்தா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னா என்ட மாமியாரிட காதுக்குப் போகும். உம்மா வீட்டில பட்டினி போட்டாங்க என்டு ஊரெல்லாம் கதை. வாயப் பொத்து."

பொத்தினேன். ஆனால் அவள் மூன்று உருண்டை தின்று முடிக்கும்வரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். "பொலிஸ்காரி" என்றாள்.

ஜூன் 17

ஹஜ்ஜுப் பெருநாள். இறைச்சி வந்தது. பெரிய துண்டெல்லாம் ராத்தாவின் பீங்கானில்.

ஜூன் 24

காலையிலிருந்து வயிற்றில் பிள்ளை அசையவில்லை. ஆஸ்பத்திரி. அல்புமின் 22. ஒன்று ஏறியிருக்கிறது — ஒன்றுதான்.

ஜூன் 25

வயிற்றை வெட்டி எடுத்தார்கள். ஆண் பிள்ளை. தொள்ளாயிரம் கிராம். மூச்சு விடக் கஷ்டப்படுகிறான்; சூடு கொடுக்கும் லைட்டுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள்.

டொக்டரிடம் எல்லாம் சொன்னேன். நான் தின்றதாலா?

"அதுவும் இருக்கலாம் தங்கச்சி. பிள்ளைக்குச் சத்துப் போற நச்சுக்கொடியில கோளாறாவும் இருக்கலாம். அந்த ஒரு இலக்கத்த வெச்சு இதாலதான் என்டு சொல்லேலாது."

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமே.

ஜூன் 26

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் அவித்த முட்டை. ராத்தா பாதியை என் பக்கம் தள்ளினாள். "மணம் பிடிக்கல்ல."

நான் தொடவில்லை.

ஜூன் 27

பகல் பதினொன்றே முக்கால். பிள்ளைக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருந்த லைட்டை நர்ஸ் அணைத்துவிட்டார்.