குடிகாரன் என்றே இருக்கட்டும்

ஜூன் 4

அன்புள்ள வாண்டு அம்மாவுக்கு,

நலம் என்று எழுதத்தான் ஆசை. இந்த மறுவாழ்வு இல்லத்தில் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சோப்பைக்கூடக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருக்கிறேன். பக்கத்துப் படுக்கைக்காரர் குடியை விட வந்தவர். "ஃபோன்ல விளையாடுறதுக்கெல்லாமா இங்க வருவாங்க?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

கண்ணை மூடினால் பள்ளி வாசலில் மழையில் நின்ற வாண்டுதான் தெரிகிறாள். அவளை அழைத்துவர மறந்து, வேலை பார்க்கும் பேக்கரியின் கழிவறையில் உட்கார்ந்து ஃபோனில் விளையாடியிருக்கிறேன். பேக்கரி முதலாளியிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

உன் உதவாக்கரை

ஜூன் 11

அன்புள்ள வாண்டு அப்பாவுக்கு,

உதவாக்கரை என்று திட்டும் உரிமை எனக்கு மட்டும்தான். அன்று மழையில் நனைந்து வந்த காய்ச்சல் வாண்டுவுக்கு விட்டுவிட்டது. "அப்பா எப்பம்மா வருவாரு?" என்று நச்சரிக்கிறாள்.

கோபப்படாதீர்கள். நீங்கள் குடியை விடப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டேன். விளையாட்டு என்று சொல்ல வாய் வரவில்லை. குடி என்றால் ஐயோ பாவம் என்பார்கள், இதற்குச் சிரிப்பார்கள். முதலாளி கண்கலங்கிவிட்டார். "எங்க அண்ணனும் இப்படித்தாம்மா. உன் புருஷன் வேலை அவனுக்குத்தான்" என்றார். குடிகாரன் என்றே இருக்கட்டுமே.

உங்கள் மனைவி

ஜூன் 18

அன்புள்ளவளே,

ஒரு சொட்டுகூடத் தொடாதவனைக் குடிகாரனாக்கிவிட்டாயே! முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. நான் வெளியே வந்ததும் எல்லாரும் என் வாயை மோந்து பார்ப்பார்கள். என் கையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். தயவுசெய்து உண்மையைச் சொல்லிவிடு.

ஜூன் 25

அன்புள்ள வாண்டு அப்பாவுக்கு,

என்னால் முடியாது. நேற்று முதலாளியே வீட்டுக்கு வந்தார். கையில் புது ஃபோன். "இனிமே ஆர்டரெல்லாம் அவன்தான் எடுக்கணும். மனசு அந்தப் பக்கம் போகாம இருக்கும்" என்றார். வேண்டாம் என்பதற்கு என்ன காரணம் சொல்வேன்? வாங்கிக்கொண்டேன். பெட்டியைப் பிரிக்காமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 1

எங்கே வைத்திருக்கிறாய் என்று ஏன் எழுதினாய்? கடிதம் வந்ததிலிருந்து அந்த அரிசி டப்பாவைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை. உன்னைக்கூட நினைக்கவில்லை, வாண்டுவையும் நினைக்கவில்லை. எனக்கே என்னைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது. அது வீட்டில் இருக்கும்வரை நான் வரமாட்டேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன், உண்மையைச் சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிடு.

ஜூலை 8

அன்புள்ள வாண்டு அப்பாவுக்கு,

போனேன். சொன்னேன். முதலாளி புரியாமல் பார்த்தார், பிறகு சிரித்தார். மாவு பிசைந்துகொண்டிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். "குடிச்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்மா. இதுக்குப் போய் அழுதேனே" என்றார். வேறு ஆள் பார்த்துக்கொள்வாராம். பெட்டியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் காது எரிந்தது. நீங்கள் அங்கே தனியாகத் தாங்கிக்கொண்டிருப்பது இந்தச் சிரிப்பைத்தானே. எனக்கு அது இன்றைக்குத்தான் உறைத்தது.

வேலை போய்விட்டது. என்ன செய்யப் போகிறோம் என்று தெரியவில்லை. ஆனாலும் வாருங்கள். வாண்டுவுக்குப் பள்ளி விடும் நேரத்தில், வாசலில் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

உங்கள் மனைவி