அக்காவுக்கு மைனஸ் ஒன்று

செப்டம்பர் 24, 2024, செவ்வாய்

மைனஸ் ஒன்று! கடன் கொடுக்குமுன் பேங்கில் பார்க்கும் மார்க்காம் சிபில் ஸ்கோர், அது பேச்சி அக்காவுக்கு மைனஸ் ஒன்றாம். பரீட்சையில்கூட யாரும் இவ்வளவு குறைவாக வாங்கியதில்லை.

கிள்ளிப்பாலத்தில் பதினோரு வருஷமாகத் தள்ளுவண்டியில் தட்டுக்கடை போடுகிறாள். அந்தத் தோசைக் காசில்தான் நான் பி.காம். முடித்தேன். வண்டி மட்டும் அவளுடையது இல்லை. சஜியின் வண்டி, தினம் இருநூறு ரூபாய் வாடகை. அடுத்த ஓணம் கழிந்ததும் சஜி கல்ஃபுக்குப் போகிறானாம். வண்டி, அடுப்பு எல்லாம் சேர்த்து அறுபதாயிரம். “ஓணத்துக்குள்ள தந்தா சேச்சிக்கு. இல்லேங்கில் வேற ஆளு ரெடி” என்று சொல்லிவிட்டான்.

அதற்கு லோன் கேட்டுப் போனால், பேங்கில் ராஜஸ்ரீ மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “சேச்சி இதுவரைக்கும் எங்கேயும் லோன் எடுத்ததே இல்லியா? அப்போ ஹிஸ்டரியே இல்லையே” என்றார்.

“கடன் வாங்காதது குத்தமா மேடம்?” என்றாள் அக்கா.

நல்ல கேள்வி. நாற்பத்தொரு வயது வரை கடனே வாங்காதவள், அதனால் அவளுக்குக் கடன் கிடையாது. என்ன நியாயம் இது? ஆனால் எனக்குக் கை பரபரக்கிறது. ஒரு வருஷம் இருக்கிறது. நான் விடமாட்டேன்.

செப்டம்பர் 27

வழி கிடைத்துவிட்டது! அக்கா பெயரில் பதினைந்தாயிரம் டெபாசிட் போட்டால், அதன் ஈட்டில் ஒரு கிரெடிட் கார்டு தருவார்களாம். கார்டில் சாமான் வாங்கி மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினால் ஸ்கோர் பிறக்கும்.

பதினைந்தாயிரம் என்னிடம் இருக்கிறது. ஸ்கூட்டிக்குச் சேர்த்தது. சரி, இன்னும் ஒரு வருஷம் பஸ்ஸில் தொங்கினால் செத்தா போய்விடுவேன்?

அக்கா லேசில் வாங்கவில்லை. “இது கடனாக்கும். ஓசின்னு நெனச்சன்னா எனக்கு வேண்டாம்ட்டி சுஜா.”

“கடன்தான்க்கா, வட்டியும் போடுறேன், போதுமா?” என்றேன். முறைத்தாள். ஆனால் வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 14

கார்டு வந்தது. ஆரியசாலையில் நான் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையில் பில் போட்டு முடித்து வீட்டுக்கு வருவதற்குள், அக்கா அதை முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் அப்பியிருக்கிறாள், அதுவும் சரியாகச் சிப்பின் மேல்! முந்தானையால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். அவள் பெயர் இங்கிலீஷில் பொன் எழுத்தில் இருக்கிறது. பத்துத் தடவையாவது தடவிப் பார்த்திருப்பாள்.

அக்டோபர் 19, சனி

முதல் தேய்ப்பு! சாலை பஜாரில் சுடலைக்கண்ணு அண்ணாச்சியின் மாவுக் கடை. வாரம் முழுக்கப் பற்று எழுதிச் சாமான் வாங்கி, சனிக்கிழமை தீர்ப்பது அக்காவின் வழக்கம். பற்று 2,350 ரூபாய். “2,340க்குத் தேயுங்க அண்ணாச்சி. பத்து ரூவா நிக்கட்டும்” என்றாள்.

இது சாலையில் எல்லோரும் செய்வதுதான். பற்றை முழுசாகத் தீர்த்தால் இனி இந்தக் கடைப்பக்கம் வரமாட்டேன் என்று அர்த்தமாகிவிடும். பத்தோ இருபதோ பாக்கி நின்றால்தான் உறவு நிற்கும்.

ரகசிய நம்பரை அக்கா ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். மெஷினிலிருந்து சீட்டு வந்ததும் அண்ணாச்சி, “பேச்சி பெரிய ஆளாயிட்டாளே!” என்றார். அக்கா வெட்கப்பட்டதை நான் என் வாழ்நாளில் இன்றுதான் பார்த்தேன்.

நவம்பர் 20

முதல் பில்லை அக்காவே ஆப்பில் கட்டினாள். நான் கை வைக்கவே இல்லை. டீச்சர் யார்? நானாக்கும்!

மார்ச் 14, 2025

நேற்று ஆற்றுகால் பொங்கலை. தெருத்தெருவாகப் பெண்கள் அம்மனுக்குப் பொங்கலிட நகரம் முழுக்க அடுப்பு, அக்கா கடையில் நிற்க இடமில்லை. உச்ச வியாபாரத்திலும் கார்டில் மாதம் நாலாயிரத்தைத் தாண்டவில்லை, மீதிப் பற்றைக் காசாகவே தீர்த்துவிடுகிறாள். தாண்டினால் ஸ்கோர் இறங்கும் என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. சமர்த்து.

ஏப்ரல் 21

718!!!

கடையில் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். முதலாளி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். மைனஸ் ஒன்றிலிருந்து 718! அக்காவிடம் சொன்னால், “எத்தனைக்கு எத்தனைட்டி?” என்று கேட்கிறாள். தொள்ளாயிரத்துக்கு என்றேன். “பின்ன, இன்னும் இருக்கே” என்கிறாள். இவளை என்ன செய்ய!

ஜூன் 9

ஒரே மழை. அக்காவுக்குக் காய்ச்சல், மே தொடக்கத்திலிருந்தே வண்டி தெருவில் இறங்கவில்லை. பில் என்னாச்சு என்றதற்கு, “ஒண்ணும் வாங்கலியே, பின்ன என்ன பில்லு?” என்றாள்.

ஜூலை 8

651.

ரெண்டு தடவை பார்த்தேன். 651தான். அக்காவின் போனைப் பிடுங்கி மெசேஜ் எல்லாம் படித்தேன். மாதாமாதம் தேதி தவறாமல் கட்டியிருக்கிறாள், மாதாமாதம் பத்து ரூபாய் குறைத்து! பேங்குக்கும் பாக்கி நிறுத்தியிருக்கிறாள்! அதற்குப் பேங்குக்காரன் மொத்தத் தொகைக்கும் வட்டி போட்டிருக்கிறான். மே மாதம் ஒன்றுமே வாங்கவில்லை, அந்தப் பத்தும் வட்டியுமாகச் சேர்ந்து 212 ரூபாய்க்குப் பில் வந்திருக்கிறது. அதுதான் நிக்கிற பாக்கியாச்சே என்று கட்டாமலே விட்டுவிட்டாள். தவணை தவறியவள் என்று பேர் விழுந்துவிட்டது.

“முழுசா அடைச்சா நம்மள முறிச்சுக்கிட்டுப் போறான்னு நெனைக்க மாட்டாங்களாட்டி?”

“பேங்கு என்ன உன் அண்ணாச்சியா? மெஷினுக்கா, மெஷினு! அதுக்கு உறவு தெரியுமா?” — கத்திட்டேன். ரொம்பக் கத்திட்டேன். அவ முழுசும் கட்டிட்டுப் போய்ப் படுத்துட்டா.

என் தப்புதானே? மாசாமாசம் பாத்திருக்க வேண்டாமா? பெரிய டீச்சர்!

ஆகஸ்ட் 19

ஓணத்துக்குப் பதினேழு நாள். ஸ்கோர் 689 வரை ஏறியிருக்கிறது. துணிந்து அக்காவோடு பேங்குக்குப் போனேன். என்ன சொல்வது என்று எழுதியே வைத்திருந்தேன். சொல்ல விட்டால்தானே!

“எந்தா சேச்சி, ஜூன்ல ஒரு டிலே காணுதே?” என்று ராஜஸ்ரீ மேடம் கேட்டதும், அக்காவே சாலை வழக்கம், அண்ணாச்சி, பத்து ரூபாய், காய்ச்சல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். “தப்பு என்னுதாக்கும் மேடம். இனிமே வராது” என்று முடித்தாள். எனக்கு மேசைக்கடியில் ஒளியலாம் போல இருந்தது.

மேடம் பழைய பில்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாமே தேதிக்கு முன்னால் கட்டியது. எல்லாவற்றிலும் சரியாகப் பத்து ரூபாய் குறைவு. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “தப்பைக்கூட இவ்ளோ கரெக்டா செய்யறவா தவணையைக் கட்டாம இருப்பாளா? அப்ளிகேஷனைக் கொடுங்கோ, நான் எழுதி அனுப்பறேன்” என்றார்.

கிடைக்குமா? கிடைக்கணும் முருகா.

ஆகஸ்ட் 29

கிடைச்சிருச்சு! கிடைச்சிருச்சு! கிடைச்சிருச்சு!

அறுபதாயிரமும் சஜி கைக்குப் போய்விட்டது. தவணை தானாகவே கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்தாயிற்று, பத்து பைசா நிற்காது. அக்கா வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். பச்சைப் பெயின்ட் வேண்டுமாம். எனக்கு நீலம்தான் பிடித்தது. சண்டை. பச்சைதான்.

அக்டோபர் 4, 2025, சனி

முதல் தவணை போய்விட்டது. ஓண வியாபாரமும் நன்றாக நடந்தது.

இன்று வேலை முடிந்து வந்தபோது, அக்கா ஒரு கவரை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மேலே ‘சுஜா கடன்’ என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தது.

எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“சரியா இருக்காட்டி?” என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது.

“சரியா இருக்குக்கா” என்றேன்.